வீட்டை விடுங்கள், மதகைப் பாருங்கள்

கேள்வி: படுவான்கரையில், வவுணதீவிலிருந்து உள்ளே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மேடு போட்டுக் கட்டிய கல்வீடு, கூரை அஸ்பெஸ்டஸ் சீற். 2011 இல் வீட்டுக்குள் முழங்காலளவு வெள்ளம் நின்றது. 2024 கார்த்திகையில் நான் பயந்துபோய்ப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு பாடசாலையில் போய்த் தங்கினேன். ஆனால் தண்ணீர் படியோடு நின்றுவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை. ஒழுங்கையில்தான் தொடையளவு மூன்று நாள் நின்றது. மாமியின் இன்சுலினை மூன்றாம் நாள் வள்ளத்தில் கொண்டு வந்தார்கள். 'சும்மா ஓடினவள்' என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மாமிக்கு 76 வயது, பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விளங்காது. '78 சூறாவளிக்கே நான் வாசலைத் தாண்டயில்ல' என்பார். கணவர் ஏழு மாடுகளை விட்டு வரமாட்டார். முன்பு ஒருமுறை எல்லோரும் போயிருந்தபோது தண்ணீர் மோட்டரும் காஸ் சிலிண்டரும் களவு போனது அவருக்கு இன்னொரு காரணம். மூத்தவள் தரம் 10. முகாம் மலசலகூடத்தை நினைத்தாலே அழுகிறாள். கல்லடியில் கடலோரம் மச்சாள் வீடு இருக்கிறது, அங்கே போகலாம் என்கிறார்கள். எப்போது இருப்பது, எப்போது கிளம்புவது? எதை வைத்து முடிவெடுப்பது?

— ஒரு வாசகி, மட்டக்களப்பு

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். ஒழுங்கையில் தொடையளவு தண்ணீர் மூன்று நாள் நின்றது, இன்சுலின் மூன்றாம் நாள் வள்ளத்தில் வந்தது. சிரித்தவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று மட்டும் பார்த்தார்கள். அந்த மூன்று நாளில் மாமிக்கு மூச்சுத் திணறியிருந்தால், சின்னவனுக்குக் காய்ச்சல் ஏறியிருந்தால், 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அடித்து என்ன பயன்? சுவசெரிய அம்புலன்ஸ் தொடையளவு தண்ணீருக்குள் வராது. உங்கள் வீடு நனையவில்லை, சரி. ஆனால் உங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூன்று நாள் தீவில் இருந்தார்கள். நீங்கள் கிளம்பியது சரியான முடிவுதான். மாமியை விட்டுவிட்டுப் போக நேர்ந்ததுதான் அதில் இருந்த குறை, அதற்குக் காரணம் நீங்கள் மட்டும் இல்லை என்பதும் உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

நம் மாவட்டத்தில் வீடு மூழ்குவதற்கு முன்பே வழி மூழ்கிவிடும். மேடு போட்டு வீட்டைக் கட்டுகிறோம், ஒழுங்கைக்கு யார் மேடு போடுகிறார்கள்? கிரான் பக்கம் புலிபாய்ந்தகல் வீதி மாரியில் எத்தனை முறை வள்ளப் பாதையாக மாறுகிறது, கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் நடுவில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் எத்தனை முறை தண்ணீர் பாய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர்களில் பல வீடுகள் காய்ந்தபடியே நிற்கும். ஆட்கள் மட்டும் வெளியே வரமுடியாது. 2024 நவம்பர் 26 இல் காரைதீவுக்குப் பக்கத்தில் மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் இழுபட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது. 'மெசின் உயரம், பாரம், ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கை நம் ஊர்களில் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே நிற்கிற ஆளைச் சரிக்கும். ஓர் அடியில் ஆட்டோவும் சின்னக் காரும் பிடி விட்டுவிடும். இரண்டடி வந்தால் பெரிய வாகனங்களையே நகர்த்தும். தண்ணீருக்கு அடியில் வீதியின் ஓரம் எங்கே முடிகிறது என்பது நாளாந்தம் அந்த வழியால் போகிறவருக்கும் தெரியாது.

ஆகவே 'வீட்டுக்குள் தண்ணீர் வருமா' என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். 'என் வீட்டிலேயே மெதுவாக நகரக்கூடியவரை இந்த வழியால் பத்திரமாகக் கொண்டுபோக இன்னும் எத்தனை மணிநேரம் இருக்கிறது' என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் அந்த ஆள் மாமி. அவரைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, வாகனம் பிடித்து, ஏற்றி, வலையிறவுப் பாலம் தாண்டி நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நல்ல வெயில் நாளில் எவ்வளவு நேரமாகும்? அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மணிக்கூட்டைப் பாருங்கள். மழை நாளில் அதைப் போல இரண்டு மடங்கு என்று வையுங்கள். அந்த நேரம்தான் உங்கள் கணக்குக்கு அடிப்படை.

அடுத்தது, தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்பது. உங்கள் முற்றத்தில் பெய்கிற மழையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். உங்கள் பக்கத்துக்கு வரும் வெள்ளத்தில் பெரும்பங்கு மேற்கே பெய்த மழை. உன்னிச்சைக் குளம் நிரம்பி வான்கதவு திறந்தால் ஊரில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறும். கிழக்கே வாவி நிரம்பி நின்றால் அந்தத் தண்ணீருக்குப் போக இடம் இல்லை. வாவி கடலில் சேருகிற முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தால் அதை வெட்டிவிடும் வரை வாவி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். எனவே மாரியில் மூன்று செய்திகளைக் கேட்டு வையுங்கள்: உன்னிச்சை வான்கதவு திறந்தாயிற்றா, முகத்துவாரம் வெட்டியாயிற்றா, அடுத்த இரண்டு நாளைக்கு வளிமண்டலவியல் திணைக்களம் என்ன சொல்கிறது. குளம் திறந்து, முகத்துவாரம் மூடி, மழையும் தொடரும் என்றால் அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக வருகிற 'குளம் உடைஞ்சிட்டுதாம்' செய்திகளை நம்பாதீர்கள். கிராம உத்தியோகத்தரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கு அடியுங்கள்.

ஊரில் உங்களுக்கென்று ஓர் அடையாளம் வேண்டும். ஒழுங்கை பிரதான வீதியில் ஏறுகிற இடத்தில் ஒரு மதகு இருக்கும், அல்லது எப்போதும் முதலில் தண்ணீர் தேங்குகிற பள்ளம் ஒன்று இருக்கும். அதுதான் உங்கள் வீட்டு வாசல் என்று நினையுங்கள். வான்கதவு திறந்தார்கள் என்ற செய்தியும் தொடர் மழை எச்சரிக்கையும் ஒன்றாக வந்தால் அன்றைக்கே, பகலிலேயே, மாமி கிளம்பவேண்டும். அப்போது ஒழுங்கை காய்ந்து கிடக்கும், ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். மதகின் விளிம்பைத் தண்ணீர் தொட்டுவிட்டால் நீங்களும் பிள்ளைகளும் கிளம்பவேண்டும். அந்த நேரம் கணவர் வயலில் இருந்தாலும் அவருக்காகக் காத்திருக்கக் கூடாது. இதை இப்போதே, மழை இல்லாத நாளில், அவருக்கும் கேட்கச் சொல்லி வையுங்கள். கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மாலை நான்கு மணிக்கு 'இரவுக்குப் பார்ப்போம்' என்று தோன்றினால் அந்த நான்கு மணிக்கே போய்விடுங்கள்.

மாமியையும் உங்களையும் நான் தனித்தனியாகச் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரே முடிவு, ஒரே நேரம் என்று இருக்கவேண்டிய அவசியம் இல்லை. 'போனால் எல்லாரும் போவோம், இருந்தால் எல்லாரும் இருப்போம்' என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பேச்சால்தான் பல வீடுகளில் கடைசி நேரம் வரை யாரும் அசைவதில்லை. பேறுகாலம் நெருங்கிய பெண்களை மருத்துவ மாதுமார் என்ன செய்கிறார்கள்? வெள்ளம் வரும் என்று தெரிந்தால் வலி வரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். யாரும் அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்பதில்லை. படுக்கையில் இருக்கிற மாமிக்கும் அதே நியாயம்தான்.

மாமி ஒப்புக்கொள்வாரா என்பது வேறு கதை. அவரோடு வாதாடி வெல்ல முடியாது. 78 நவம்பர் சூறாவளியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் செத்த நாட்டில், அதன் நடுவில் நின்று தப்பியவர் அவர். அவர் சொல்வதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒருநாள் சோறு தின்ற பிறகு பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி அந்தக் கதையைக் கேட்பேன். அன்றைக்கு யாருடைய வீட்டில் ஒதுங்கினார்கள், எந்தப் பக்கத்து மரம் முதலில் விழுந்தது, மறுநாள் எந்த வழியால் நடக்க முடிந்தது, மாடுகள் எந்த மேட்டில் நின்றன. ஊரில் எது மேடு எது பள்ளம் என்று எந்த அதிகாரியையும்விட அவருக்குத் தெரியும். அப்புறம் கேளுங்கள், 'அப்ப உங்களுக்கு என்ன வயசு மாமி?' என்று. இருபதுகளின் கடைசியில், நடக்கவும் ஓடவும் கூடிய பெண்ணாக இருந்திருப்பார். மிச்சத்தை அவரே யோசித்துக்கொள்வார். போகச் சொல்லி மருமகள் கேட்பதைவிட, 'பிள்ளைகளோடு துணைக்குப் போங்க' என்று மகன் கேட்டால் காரியம் சுலபமாகும் என்பது என் அனுபவம்.

இப்போது உங்கள் கணவர். ஏழு மாடு என்பது சின்ன விஷயம் இல்லை. அதை விட்டு வா என்று சொல்கிற எவருக்கும் மாட்டின் விலை தெரியாது. அவர் பின்தங்குவதை நான் ஒரேயடியாக மறுக்கமாட்டேன், ஆனால் நிபந்தனை உண்டு. தனியே இருக்கக் கூடாது. ஒழுங்கைக்கு இரண்டு மூன்று ஆண்கள் சேர்ந்து, ஊரிலேயே கொங்கிறீட் தட்டு அல்லது மேல்மாடி உள்ள ஒரு வீட்டில் இரவில் தங்கவேண்டும். ஒரு வள்ளம் கையெட்டும் தூரத்தில் கட்டியிருக்கவேண்டும். அப்படி ஒரு வீடும் வள்ளமும் இல்லையென்றால் அவரும் கிளம்பத்தான் வேண்டும், மாடுகளை முன்கூட்டியே மேட்டுக்கு ஓட்டிவிட்டு. எதுவானாலும் தண்ணீர் ஏறும்போது ஒரு மாடும் கயிற்றில் நிற்கக் கூடாது. மாடு நன்றாக நீந்தும். கட்டிக் கிடக்கிற மாடுதான் சாகும். கன்று சீக்கிரம் களைத்துவிடும், அதை முதலில் ஏற்றுங்கள்.

களவுக்கும் அதே ஏற்பாடுதான் மருந்து. வீட்டுக்கு ஒருவர் காவல் என்றால் ஒழுங்கையில் இருபது ஆண்கள் இருபது வீட்டில் தனித்தனியே நனைந்துகொண்டிருப்பார்கள். முறை வைத்து மூன்று பேர் வள்ளத்தில் சுற்றினால் போதும். மோட்டரைக் கழற்றி முதலிலேயே மேல்மாடி வீட்டில் கொடுத்து வையுங்கள், காஸ் சிலிண்டரையும்தான். களவு போகக்கூடியதில் பாதி பொருள் முன்கூட்டித் தூக்கி வைக்கக்கூடியதுதான். அடையாள அட்டைகள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மாமியின் கிளினிக் கொப்பி எல்லாம் தடித்த பொலித்தீனில் சுற்றி உங்களோடு வரவேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் வாசலைப் பூட்டவேண்டும். பாம்பைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. வெள்ளத்தில் வாவி முதலையும் வயலுக்குள் ஏறிவரும் என்பதை மட்டும் இரவில் தண்ணீருக்குள் இறங்கப்போகிறவருக்கு ஞாபகப்படுத்துங்கள். பின்தங்குகிறவர் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் பற்றி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, அவர்கள் சொன்னபடி எடுப்பதும் நல்லது. பெரும்போகத்தில் வயலுக்குள் நிற்கிறவர்களுக்கு அது எப்படியும் தேவைதான்.

கல்லடி மச்சாள் வீட்டைப் பற்றி யோசித்துத்தான் எழுதுகிறேன். வெள்ளத்துக்கு அது நல்ல இடம். கடலோர மணல் தண்ணீரை வேகமாக உறிஞ்சிவிடும், போதனா வைத்தியசாலை பாலத்துக்கு அப்பால்தான், மாமிக்கு மகள் வீடு என்ற நிம்மதியும் உண்டு. முகாமைவிட நூறு மடங்கு மேல். ஆனால் வருவது சூறாவளி என்றால் அதே வீடு தப்பான இடம். காற்றும் கடலும் முதலில் வந்து மோதுவது அங்கேதான். சூறாவளி எச்சரிக்கையில் நீங்கள் போகவேண்டியது கடலோரத்தை விட்டு நகரத்துக்குள், கொங்கிறீட் கூரை உள்ள கட்டடத்துக்கு. மச்சாளும் அவர் குடும்பமும்கூட அங்கிருந்து கிளம்பி உங்களோடு சேரவேண்டும். ஆகவே நகரத்துக்குள் இன்னோர் உறவினர் அல்லது சினேகிதர் வீட்டை இப்போதே பேசி வையுங்கள். வெள்ளத்துக்கு ஓர் இடம், காற்றுக்கு ஓர் இடம்.

சூறாவளியில் கணக்கும் மாறிவிடுகிறது. வெள்ளத்தில் வழியைப் பார்க்கச் சொன்னேன், காற்றில் கூரையைப் பார்க்கவேண்டும். அஸ்பெஸ்டஸ் சீற்றும் தகரமும் பறக்கும்போது கத்தி. வீட்டைச் சுற்றித் தென்னை நின்றால் அதுவும் ஆபத்து. உங்கள் கூரையை நம்பி இருக்கமுடியாது. காற்று தொடங்குமுன் போய்ச் சேர்ந்துவிடவேண்டும். தொடங்கிவிட்டால் வெளியே இறங்கவே கூடாது, இருக்கிற வீட்டிலேயே ஆகச் சின்ன அறையில், யன்னலுக்குத் தூரமாக, கட்டிலுக்கோ மேசைக்கோ அடியில் இருங்கள். நடுவில் காற்று சட்டென்று நின்று அமைதியாகலாம். முடிந்துவிட்டது என்று வெளியே வந்துவிடாதீர்கள், கண் கடந்துபோன பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுகா அடிக்கும். மாமிக்கு இது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

மச்சாள் வீட்டில் இருக்கும்போது நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் உள்வாங்கினாலோ, சுனாமி எச்சரிக்கை வந்தாலோ எந்த யோசனையும் வேண்டாம், போகவேண்டியதுதான். நாவலடிக்கும் கல்லடிக்கும் 2004 க்குப் பிறகு அதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அன்று சுமாத்திராவுக்குப் பக்கத்தில் நிலம் ஆடி ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துக்குள் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. நமக்குச் சொல்லத்தான் அன்று ஆள் இல்லை. மாமியை யார் தூக்குவது, எந்த வாகனம் என்பதை மட்டும் அங்கே போய் இறங்கிய அன்றே பேசிவிடுங்கள்.

முகாமுக்கே போகவேண்டி வந்தால், மகளின் அழுகையைச் செல்லம் என்று ஒதுக்காதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது உண்மையான பிரச்சினை. சங்கடத்தில் தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்திருந்து சலக்கடுப்போடு வருகிற பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பாடசாலையில் எத்தனை மலசலகூடம், கதவுக்குக் கொண்டி உண்டா, வெளியே லைட் உண்டா என்று மாரிக்கு முன் நீங்கள் நாலு தாய்மார் சேர்ந்து போய்ப் பாருங்கள். குறை இருந்தால் அதிபரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் அப்போதே சொல்லுங்கள், பிரதேச செயலகத்தில் இருக்கிற பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் தனி வகுப்பறை கேட்கலாம். மகளின் பையில் நப்கின், மாற்றுடுப்பு, ஒரு டோர்ச் லைட், இரவில் சேர்ந்து போக ஒரு கூட்டாளி. உறவினர் வீட்டுக்குப் போனாலும் கிராம உத்தியோகத்தருக்குத் தெரிவித்துப் பெயரைப் பதியுங்கள். இல்லாவிட்டால் உலருணவுப் பட்டியல் எழுதும்போது அலையவேண்டி வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஏதோ காரணத்தால் நேரம் தவறிவிட்டது, மதகுக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது என்று வையுங்கள். அப்போது இருப்பதுதான் சரி. பயத்தில் மாமியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தண்ணீரில் இறங்காதீர்கள். மேல்மாடி வீட்டுக்கு வீட்டுப் பின்பக்கத்தால் பத்திரமாகப் போக முடியுமென்றால் போங்கள். முடியாவிட்டால் வீட்டிலேயே ஆக உயரமான இடத்தில் அவரை ஏற்றிவிட்டு 117 க்கு அடித்து, எத்தனை பேர், நடக்கமுடியாதவர் ஒருவர், இன்சுலின் நோயாளி, வீட்டுக்கு அடையாளம் என்ன என்று நான்கையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வள்ளம் வரும்போது யாரை முதலில் ஏற்றுவது என்று அவர்கள் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். போன் பற்றரியைச் செய்தி பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள்.

சிரிக்கிறவர்களுக்கு என்ன பதில் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது. 2012 ஏப்ரலில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலில் பெரிய நிலநடுக்கம் வந்து கரையோரம் முழுக்க ஆட்கள் ஓடினார்கள். நம் கரையை அழிக்கிற சுனாமி வரவில்லை. அன்று ஓடியவர்களை யாராவது முட்டாள் என்றால் 2004 இல் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியின் முன்னால் போய் அதைச் சொல்லட்டும் பார்ப்போம். நீங்கள் 2024 இல் போனதில் என்ன நட்டம்? ஆட்டோக் காசு, நாலைந்து நாள் தூக்கம், கொஞ்சம் மானம். மானத்தைத் தவிர மற்றதெல்லாம் திரும்பி வந்துவிட்டது, அதுவும் அடுத்த மாரியில் அவர்கள் ஒழுங்கையில் நிற்கும்போது வந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதைப் படித்த கையோடு செய்யுங்கள். மாமியின் அடுத்த கிளினிக் திகதி எப்போது என்று கொப்பியில் பாருங்கள். ஐப்பசிக்குப் பிறகு என்றால் அதற்கு முன் போய் வைத்தியரிடம், 'எங்கள் வழி மாரியில் மூடும், மேலதிகமாக மருந்து தாருங்கள்' என்று நேராகக் கேளுங்கள். திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். கிளம்பும்போது சின்ன றெஜிபோம் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள், ஐஸ் நேரடியாகப் படக்கூடாது, உறைந்தால் அது வீண். பாவனையில் இருக்கிற போத்தல் வெயிலும் சூடும் படாமல் இருந்தால் பொதுவாக நான்கு வாரம் வரை வெளியே தாங்கும், ஆனால் உங்களுடைய வகைக்கு எத்தனை நாள் என்று மருந்தாளரிடம் கேட்டுக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.